ஹனியா லைனைப் பிடுங்கினாள்

“அந்த கேபிளையும் கழட்டுங்க சார். எல்லாமே குப்பை.”

ஹனியா இதைச் சொன்னபோது பிரவின்குமார் மேசைக்கு அடியில் முழங்காலிட்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கேபிளை உருவினான், புதிதாக ஒன்றைச் செருகினான், கணினியை மறுபடி போட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு. நகர்கிறதா, நின்றுவிட்டதா என்றே சொல்ல முடியாத கோடு. பழைய கேபிளிலும் இதே கோடுதான்.

படூரில், பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் பொறியியல் கல்லூரி அது. பிரவின்குமார் அங்கே நெட்வொர்க் பொறுப்பாளன். தினமும் செங்கல்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன். ஹனியா அந்தக் கல்லூரியைச் சேர்ந்தவள் இல்லை. ஆன்லைன் தேர்வுகள் நடத்தித் தரும் ஒரு கம்பெனியில் வேலை. தேர்வுக்கு முந்தின நாள் ஒரு கல்லூரிக்குப் போய், அங்கிருக்கும் கணினிகளை ஒரு நாளைக்குத் தேர்வுக் கணினிகளாக மாற்றுவது அவள் தொழில். மறுநாள் ஒரு எழுத்தர் வேலைக்கான தேர்வு. லேப் முழுக்க ஆள் வரப்போகிறது.

மாணவர்கள் புழங்கும் கணினியில் யார் என்ன வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் தேர்வன்று எந்தக் கணினியும் தன் சொந்த டிஸ்க்கைத் தொடாது. பட்டனை அமுக்கியதும் கேபிள் வழியாகக் கையேந்தும். கம்பெனி கொண்டுவந்து வைத்திருக்கும் சர்வர் அதற்கு ஒரு புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை அனுப்பிவைக்கும். தேர்வு முடிந்து அணைத்தால் எல்லாம் மறைந்து கணினி பழையபடி ஆகிவிடும். இதை நெட்வொர்க் பூட் என்பார்கள். எந்தக் கணினி எந்த சர்வரிடம் கேட்க வேண்டும் என்று வழி சொல்ல, கம்பெனி சீல் வைத்துத் தரும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு லைன் நொய்டாவில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போகும். இவ்வளவுதான் ஏற்பாடு. வழக்கமாக ஹனியா ஒரு டீயை முடிப்பதற்குள் லேப் முழுவதும் நீலத் திரை வந்துவிடும்.

அன்றைக்கு அவள் குடித்த டீக்குக் கணக்கே இல்லை. ஒரு வரிசைகூட முழுதாக வரவில்லை.

“மேடம், என் சைடுல ஒண்ணும் இல்ல” என்றான் பிரவின்குமார், எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே. “காலைல வரைக்கும் பசங்க இதுலதான் ப்ராக்டிகல் பண்ணாங்க. உங்க சர்வர்ல டிஸ்க் போயிருக்கும்.”

“எங்க சர்வரா? போன வாரம் செங்கல்பட்டுல இதே சர்வர்ல எக்ஸாம் நடத்திட்டு வர்றேன். ஒரு மெஷின் மக்கர் பண்ணல. இங்க வந்தா மட்டும் டிஸ்க் பூடுதா?”

“அப்ப ஸ்விட்ச்சை மாத்திப் பாக்கலாமா?”

“என்னைக் கேட்டா? உங்களுக்கே தோண வேணாமா?”

ஸ்விட்ச்சையும் மாற்றினான். கெமிஸ்ட்ரி பிளாக்கிலிருந்து வேறொன்றைக் கழற்றிச் சுமந்துகொண்டு வந்தான். கோடு அதே கோடுதான். கடைசியில் ஒரு வரிசை எப்படியோ ஊர்ந்து வந்து சேர்ந்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஹனியா தன் மேலாளர் பார்த்திபனுக்கு மெயில் எழுத உட்கார்ந்தாள். மண்டல மேலாளர். கிண்டியில் கண்ணாடிக் கட்டடத்தில், சுவர் நிறையத் திரைகளை வைத்துக்கொண்டு, எல்லா மையங்களையும் பார்த்துக்கொண்டிருப்பவர்.

பசி. காலையில் நாஸ்தாகூடப் பண்ணாமல் கோவளத்திலிருந்து வண்டியை எடுத்தவள். மதியம் அம்மா பதருன்னிசா இரண்டு தடவை கூப்பிட்டதை எடுக்கவில்லை. விரல்கள் கோபத்தோடு ஓடின. மையத்தின் நெட்வொர்க் பராமரிப்பு படுமோசம் என்று எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். பொறுப்பாளர் பிரவின்குமார் ஒத்துழைக்கவில்லை என்று இன்னொரு வரியையும் சேர்த்தாள்.

அந்த வரியை அடிக்கும்போது அவன் எதிர்ப்பக்கம் மேசைக்கு அடியில்தான் இருந்தான். செருப்புக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. மாலை முழுவதும் அவன் அப்படித்தான் இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினாள்.

பார்த்திபனிடமிருந்து உடனே பதில் வந்தது. ‘கவனித்தோம். தொடரவும்.’

*

காலையில் கல்லூரி வாசலில் திருவிழாக் கூட்டம். திருப்போரூர்ப் பக்கத்திலிருந்து, முட்டுக்காட்டிலிருந்து, செங்கல்பட்டு ரயில் பிடித்து அங்கிருந்து பஸ் பிடித்து, எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். ஹால்டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். கம்மலைக் கழற்று, கயிற்றை அவிழ் என்று சோதனை முடிந்து எல்லோரும் லேபுக்குள் வந்து உட்கார்ந்தபோது, எல்லாத் திரையிலும் ஒரே வெள்ளைக் கோடு காத்திருந்தது.

நேற்று ஒரு வரிசைக்கே அந்தப் பாடு என்றால் இன்று லேப் மொத்தமும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. கோடு நேற்றைவிடவும் மெதுவாகப் போனது. தேர்வு தொடங்க வேண்டிய நேரம் வந்தது, போனது. முதலில் ஒரு பையன் கையைத் தூக்கினான். பிறகு யாரும் கையைத் தூக்கவில்லை. நேராகவே கேட்டார்கள்.

“மேடம், இன்னா இது, படமே வரல?”

“வரும். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க.”

“எவ்ளோ நேரம்தான் இதையே பாத்துகினு குந்திகினு இருக்கிறது?”

ஹனியா வராண்டாவுக்கு வந்து பார்த்திபனைக் கூப்பிட்டாள்.

“சார், எதுவும் பூட் ஆகல. எல்லாரும் உள்ள உக்காந்திருக்காங்க.”

“நீங்கதானே ஹனியா நேத்து மெயில் போட்டீங்க, காலேஜ் நெட்வொர்க் பிராப்ளம்னு? அவங்களை விட்டு சரி பண்ணச் சொல்லுங்க.” அவர் குரலில் பதற்றமே இல்லை. பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. “ஒண்ணும் முடியலைன்னா சென்டரை கேன்சல் பண்ணிடலாம். கேண்டிடேட்ஸுக்கு வேற டேட், வேற சென்டர் அலாட் ஆகும். நாம ஏன் டென்ஷன் ஆகணும்?”

“கேன்சலா சார்?” என்று அவள் கேட்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். திரும்பியபோது வாசற்படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதைத் தொடுகிற முகம், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை. ஹனியா பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

“கேன்சலா?” என்றாள் அவள்.

“போய் உங்க சீட்ல உக்காருங்கம்மா.”

“உக்கார மாட்டேன். எம் பேரு பூங்கொடி. மானாமதிலேர்ந்து வர்றேன். போன தபா இதே மாரிதான், கம்ப்யூட்டர் ரிப்பேரு, வேற தேதி தர்றோம்னாங்க. இன்னா தந்தாங்க தெரியுமா? திருநெல்வேலி! கைக்கொழந்தைய வச்சுகினு நான் எப்டி திருநெல்வேலி போவேன்? போவல. இந்த தபா விட்டா எனக்கு வயசு முடிஞ்சிடும். என் வூட்டுக்காரரு புள்ளைய வச்சுகினு கேட்டாண்ட வெயில்ல நிக்கிறாரு.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “உனக்கு இது ஒரு நாள் வேல. நாளைக்கு வேற ஊருக்குப் போய் இதே மாரி பல்ல இளிச்சிகினு நிப்ப. எனுக்கு?”

“நான் பல்லை இளிச்சேனா? நானும் நேத்துலேர்ந்து இங்கதான் சாவறேன்!”

“சாவு. ஆனா அதை ஆன் பண்ணிட்டு சாவு!”

லேபே வாசலைத் திரும்பிப் பார்த்தது. ஹனியாவுக்குக் காது சுட்டது. பதிலுக்கு ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயந்து, பக்கத்திலிருந்த சர்வர் அறைக்குள் புகுந்து கதவை அறைந்து சாத்தினாள்.

சின்ன அறை. குளிர். தன் சர்வரின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றாள். அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை, கோபம்தான் வந்தது. பிரவின்குமாரை இன்னொரு முறை கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்லித் திட்டலாம் என்று மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கைக்குக் கீழே இருந்த விளக்குகளைப் பார்த்தாள்.

ஒரு பச்சை விளக்கு சாவகாசமாக, எப்போதாவது ஒருமுறை கண்ணடித்தது. அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் லேப் முழுக்கக் கணினிகள் கொடு, கொடு என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது இந்த விளக்குகள் பைத்தியம் பிடித்த மாதிரி துடிக்க வேண்டும். விசிறி ஊளையிட வேண்டும். இதுவோ மதிய உணவு முடிந்து கண்ணயர்ந்த ஆபீசர் மாதிரி இருந்தது. யாரும் இதனிடம் எதுவும் கேட்கவில்லை. அப்படியானால் அந்தக் கணினிகள் யாரிடம் கேட்டுக்கொண்டிருக்கின்றன?

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். முதல் வரிசையில் ஒரு பையனின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். கறுப்புத் திரையின் மேல் மூலையில், எந்த சர்வரிடமிருந்து வருகிறது என்று முகவரி எண்ணாக எழுதியிருக்கும். எப்போதும் இருக்கும். நேற்று மாலை முழுவதும் அது அவள் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது. கோட்டையே முறைத்துக்கொண்டிருந்தவள் அதற்கு மேலே ஓர் அங்குலம் பார்க்கவில்லை.

“சார்! இங்க வாங்க” என்று பிரவின்குமாரைக் கூப்பிட்டாள். அவன் வந்து பார்த்தான்.

“இது நம்ம லேப் நம்பரே இல்லையே மேடம்.”

“இல்ல. இது எங்க நொய்டா சர்வர் நம்பர்.”

கணினிகள் பக்கத்து அறையை விட்டுவிட்டு, நாட்டின் அந்தக் கோடியிலிருந்து ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தன. இந்த பூட் கோப்பு வருகிற விதமே தனி. ஒரு இட்லியை இலையில் வைத்துவிட்டு, உட்கார்ந்திருப்பவர் ‘வந்துச்சு’ என்று சொன்ன பிறகுதான் அடுத்த இட்லியை எடுக்க உள்ளே போகிற சப்ளையர் மாதிரி, துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் பதில் போனால்தான் அடுத்தது புறப்படும். அடுக்களை பக்கத்தில் இருந்தால் இது தெரியவே தெரியாது. அடுக்களை நொய்டாவில் இருந்தால், பந்தி முழுவதும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால், யாருக்கு எப்போது வயிறு நிறையும்?

கேபிளில் குற்றமில்லை. ஸ்விட்ச்சில் குற்றமில்லை. பிரவின்குமார் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் போனை எடுத்து, அந்த எண்ணோடு திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, கிண்டிக்குக் கூப்பிட்டாள்.

“பார்த்திபன் சார், மெஷின் எல்லாம் ஏன் நொய்டாவிலேர்ந்து பூட் ஆகுது?”

“ஆமா, இந்த வாரம் பாலிசி அப்டேட் பண்ணோம். லைன் இருந்தா சென்ட்ரல் சர்வர், லைன் இல்லன்னாதான் லோக்கல். அப்பதான் எங்களுக்கு ஒரே இடத்துலேர்ந்து கன்ட்ரோல் இருக்கும்.”

“எங்ககிட்ட யார் சொன்னாங்க?”

“சர்குலர் வந்திருக்குமே.”

“வரல சார். நேத்து நான் மெயில் போட்டப்ப உங்களுக்கு இது தெரியும்ல? தொடரவும்னு ரிப்ளை போட்டீங்களே, அப்ப தெரியும்ல?”

“ஹனியா, டோன் சரியில்ல.”

“டோனை அப்புறம் பாக்கலாம். லோக்கலுக்கு மாத்துங்க. இப்பவே.”

“அப்படி உடனே முடியாது. சேஞ்ச் ரெக்வஸ்ட் போடணும், நொய்டால அப்ரூவ் ஆகணும். நான் பேசறேன். அதுவரைக்கும் பெட்டில கைய வைக்காதீங்க. எக்ஸாம் டயத்துல லைன் கட் ஆனா அது செக்யூரிட்டி வயலேஷன், தெரியும்ல?”

போன் கட்டானது. லேபுக்குள் மேசையைத் தட்டும் சத்தம் ஆரம்பித்திருந்தது. முதலில் ஒரு மூலையில், பிறகு வரிசை வரிசையாக. கண்காணிப்பாளராக வந்திருந்த பேராசிரியர் கையைத் தூக்கி உட்காருங்கள், உட்காருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பூங்கொடி மட்டும் தட்டவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து, அந்தக் கோட்டைக் கண்ணாலேயே தள்ளிவிடுகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹனியா அப்ரூவலுக்காகக் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். பிறகு மறுபடி போன் செய்தாள். பார்த்திபன் எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவில்லை.

“லைன் இல்லன்னாதான் லோக்கல்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சர்வர் அறைக்குப் போனாள். சீல் வைத்த பெட்டியின் முதுகில் நீல நிற லைன் செருகியிருந்தது. கிளிப்பை அமுக்கி இழுத்தாள். அது எளிதில் வராமல் முரண்டு பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்துத் தரையில் வீசினாள்.

“எல்லா மெஷினையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்” என்றாள் பிரவின்குமாரிடம். “நாம ரெண்டு பேரும் ஒவ்வொண்ணா பண்ணா ஆவாது.”

“அவங்களையே பண்ணச் சொல்லலாம்.”

“கேண்டிடேட் பவர் பட்டனைத் தொடக் கூடாதும்மா, ரூல்ஸ்ல இருக்கு” என்றார் பேராசிரியர்.

“தொடட்டும் சார்!” என்று கத்தினாள் ஹனியா. லேபின் நடுவே போய் நின்றாள். “எல்லாரும் கேளுங்க. கீழ இருக்கிற டப்பால பெரிய பட்டன் இருக்கும். அமுக்கிப் பிடிங்க. ஸ்கிரீன் அணைஞ்சதும் கைய எடுங்க. மறுபடி ஒரு தட்டு தட்டுங்க. அவ்ளோதான்.”

மேசை தட்டுவது நின்றது. எல்லாத் தலைகளும் குனிந்தன. திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டன. ஒரு கணம் லேப் முழுவதும் செத்த கண்ணாடியாக இருந்தது. ஹனியாவின் பையில் போன் அதிரத் தொடங்கியது. கிண்டியில் பார்த்திபனின் திரையில் இந்த மையம் சிவப்பாக மாறியிருக்கும். அவள் எடுக்கவில்லை. சர்வர் அறையிலிருந்து விசிறி ஊளையிடுவது சுவரைத் தாண்டிக் கேட்டது.

கோடு எழுந்தது. நகர்ந்தது. ஓடியது. முதல் வரிசையில் நீலத் திரை விரிந்தபோது ஒரு பையன் ‘வந்துட்ச்சு’ என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அவள் சர்வர் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் லேப் முழுவதும் நீலமாகியிருந்தது. தரையில் கிடந்த லைனை எடுத்து, துடைத்து, மறுபடி செருகினாள். ஒருமுறை பூட் ஆகிவிட்ட கணினி இனி நொய்டாவிடம் கேட்காது. லைன் வழியாக வினாத்தாளைத் திறக்கும் கடவுச்சொல் வந்தது. தேர்வு தாமதமாகத் தொடங்கியது. தாமதத்துக்கு ஈடாக முடிவிலும் நேரம் தந்தார்கள்.

*

தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே பார்த்திபன் கூப்பிட்டார். அவள் வராண்டாவில் நின்று எடுத்தாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. நீங்க லைனை எடுத்ததை நான் பெரிசு பண்ணல. ரிப்போர்ட்ல காலேஜ் நெட்வொர்க் ஃபெயில்யர்னு போட்டுடறோம். உங்க நேத்து மெயிலே போதும், எவிடன்ஸா. காலேஜுக்கும் ஃபார்வர்ட் பண்ணியாச்சு. பிரின்சிபால்கிட்ட பேசினேன். அந்தப் பையன் மேல ஆக்‌ஷன் எடுக்கறேன்னு சொல்லியிருக்கார்.”

“எந்தப் பையன்?”

“நீங்கதானே பேரு போட்டிருக்கீங்க. பிரவின்குமார்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். மாடிப்படியில் பிரவின்குமார் இறங்கி வந்துகொண்டிருந்தான். முதல்வர் அறை மேலேதான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“சார், பிரச்சினை உங்க பாலிசி. உங்களுக்குத் தெரியும்.”

“எனக்கு எது தெரியும்ங்கிறது முக்கியமில்ல ஹனியா. எழுத்துல எது இருக்கோ அதுதான். எழுதினது நீங்க.”

அவளுக்குக் கோபம் புதிதில்லை. சின்ன வயதிலிருந்தே வீட்டில் ‘மிளகாய்’ என்றுதான் அழைப்பார்கள். ஆனால் இதுவரை அவள் கோபம் வெளியே போனால் போனதுதான். இன்றுதான் அது சுற்றிக்கொண்டு வந்து அவள் கன்னத்திலேயே அறைந்தது. பார்த்திபன் மேல் வந்த கோபத்தையும் தன் மேல் வந்த கோபத்தையும் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“நான் இன்னொண்ணு எழுதறேன்” என்றாள்.

“எழுதினா லைனைப் பிடுங்கினது வெளிய வரும். அப்புறம் நீங்க இந்தக் கம்பெனில இருக்க மாட்டீங்க. யோசிச்சுக்கோங்க.”

யோசிக்கவில்லை. யோசித்தால் எழுத மாட்டோம் என்று தெரிந்ததால் நின்றுகொண்டே லேப்டாப்பை வராண்டாக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து மெயிலை அடித்தாள். நேற்று நான் எழுதியது தவறு. கல்லூரியின் கேபிள், ஸ்விட்ச் எதிலும் குறையில்லை. பிரவின்குமார் ஒத்துழைக்கவில்லை என்று நான் எழுதியது பொய். எங்கள் கம்பெனி யாருக்கும் சொல்லாமல் செய்த மாற்றத்தால்தான் கணினிகள் நொய்டாவிலிருந்து பூட் ஆயின. லைனைப் பிடுங்கியது நான், அதன் பிறகுதான் தேர்வு நடந்தது. நொய்டா முகவரி தெரியும் திரையின் போட்டோவையும் சேர்த்தாள். பார்த்திபனுக்கு, கல்லூரி முதல்வருக்கு, தேர்வு நடத்தச் சொன்ன அலுவலகத்தின் அதிகாரிக்கு. அந்தக் கடைசி முகவரிக்குக் களத்தில் வேலை செய்கிறவர்கள் எழுதவே கூடாது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விதி.

அனுப்பியதும் பிரவின்குமாரிடம் போய்த் திரையைக் காட்டினாள். அவன் நிதானமாக முழுவதையும் படித்தான்.

“நேத்து மெயில்லயும் என் பேரு போட்டீங்க. இதுலயும் போட்டிருக்கீங்க” என்றான். “ரெண்டு தடவையும் என்னைக் கேக்கல.”

“சாரி சார்.”

“மேல பிரின்சிபால் ரூம்ல நின்னேன் மேடம். உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லல. உங்க மெயிலை வாய்விட்டுப் படிச்சாரு, பியூன் பக்கத்துல நிக்கிறப்ப. நேத்து கெமிஸ்ட்ரி பிளாக்லேர்ந்து ஸ்விட்ச்சைத் தூக்கிட்டு வந்ததுல கையெல்லாம் சிராய்ச்சிருக்கு. அந்தக் கையக் கட்டிக்கிட்டு நின்னேன்.” அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். “உங்க கோவம் எல்லாம் கைக்கு எட்டுறவன் மேலதான் வருமா?”

அவன் கேபிள் சுருள்களைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மாலையில் தேர்வு முடிந்து கூட்டம் வெளியேறியபோது ஹனியா வாசலில் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நின்றாள். மரத்தடியில் ஓர் ஆள் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். பூங்கொடி அவனிடம் போய்க் குழந்தையை வாங்கினாள். ஹனியாவைக் கண்டதும் நின்றாள்.

“எழுதினீங்களா?” என்று கேட்டாள் ஹனியா.

“எழுதுனேன். பாதி கணக்குதான் போட்டேன். படிச்சதெல்லாம் அந்தக் கோட்டைப் பாத்துகினு இருந்ததுலயே பூட்ச்சு.” குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். “உன்னக் கத்துனதுக்கு நான் ஒண்ணும் வருத்தப்படல. கத்தலன்னா நீ போய்ப் பாத்திருக்க மாட்ட.”

“ஆமா” என்றாள் ஹனியா. “பாத்திருக்க மாட்டேன்.”

“எல்லப்பா, வண்டிய எடு” என்று புருஷனிடம் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

*

கம்பெனி ஹனியாவை வேலையை விட்டு நீக்கவில்லை. அதைவிடச் சாமர்த்தியமாக, எந்தத் தேர்வுக்கும் அவளைப் போடாமல் விட்டது. கூப்பிட்டால் ‘அப்டேட் வரும்’ என்றார்கள். அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பிரவின்குமாரின் வேலை போகவில்லை. இரண்டாவது மெயிலைப் படித்த முதல்வர் அவனைக் கூப்பிட்டு ‘சரி, போய் வேலையைப் பாரு’ என்று மட்டும் சொன்னாராம்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு மதியம் அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அன்றைக்குப் பிறகு அவன் பேசியதே இல்லை. மெசேஜில் வார்த்தை எதுவும் இல்லை, ஒரு மெயிலின் படம் மட்டும். கம்பெனி எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பியது. இனி எல்லா மையங்களிலும் கணினிகள் அங்கேயே உள்ள சர்வரிலிருந்து பூட் ஆகும். இதனால் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைந்துள்ளது. இந்த முன்னேற்றத்தைத் திட்டமிட்டுச் செயல்படுத்திய மண்டல மேலாளர் பார்த்திபனுக்குப் பாராட்டுகள். அவர் ஒரு கேடயத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் போட்டோவும் இருந்தது.

ஹனியா அதை இரண்டு முறை படித்தாள். இனி எந்த மையத்திலும் யாரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்பது புரிந்தது. அது நல்லதுதான் என்பதும் புரிந்தது. அப்படியும் உடம்பெல்லாம் எரிந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவுக்கு வந்து பிரவின்குமாருக்குப் போன் போட்டாள்.

“பாத்தீங்களா சார்?”

“பாத்தேன் மேடம். காலைலேர்ந்து எனக்கு சோறு எறங்கல.”

“திட்டமிட்டுச் செயல்படுத்தினாராம்!”

“கேடயத்தைப் பாருங்க, புள்ளையப் புடிக்கிற மாதிரி புடிச்சினு நிக்கிறான். அந்தாளு வந்து ஒரு நாள் என் மேசைக்கு அடில குந்தியிருக்கணும் மேடம், அப்ப தெரியும்.”

“மூஞ்சியப் பாருங்க சார், மூஞ்சிய. கழுத...”

“கழுதயைச் சொல்லாதீங்க மேடம், அது பாவம் வேலை செய்யுது.”

அவள் அதைவிடக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள். அவன் ஒரு கணம் அதிர்ந்து, பிறகு அதற்கும் மேலே ஒன்றைச் சொன்னான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மட்டுமே கேட்கக்கூடியது. வராண்டாவில் மருந்துச் சீட்டோடு போன ஒருவர் ஹனியாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தணிக்கவில்லை. வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது. இருவரும் மாறி மாறி, மூச்சு வாங்க, பார்த்திபனைத் திட்டிக்கொண்டே இருந்தார்கள்.